கேஸ் இல்லாத ஊர்

சுனாமிக்கு அடுத்த வருஷம் எங்கள் ஊருக்கு நான் தலைவரானேன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், கடலை ஒட்டிய மீனவர் ஊர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அடுத்தவன் கட்டுமரத்தில் துடுப்பு போட ஆரம்பித்து, சொந்தமாக இரண்டு ஃபைபர் படகும் ஒரு ஐஸ் கடையும் வைக்கும் அளவுக்கு வந்தேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. ஆனால் அதைவிடப் பெருமை எனக்கு வேறொன்றில் இருந்தது. நான் தலைவராக இருந்த ஆறு வருஷத்தில் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் மேலும் ஸ்டேஷனில் கேஸ் கிடையாது. கடலூரில் நடந்த கூட்டத்தில் ஒரு பெரிய அதிகாரி, குற்றமே நடக்காத ஊர் என்று மைக்கில் சொல்லி எனக்குச் சால்வை போட்டார்.

குற்றம் நடக்காமல் இல்லை. நடந்தால் ஊர் கூடும். வலையை அறுத்தவன், மோட்டார் திருடியவன், குடித்துவிட்டு அடுத்தவன் மண்டையை உடைத்தவன், எவனாக இருந்தாலும் கோயிலுக்கு முன்னால் நிறுத்தி விசாரிப்போம். தெண்டம் போடுவோம். அவன் தெண்டத்தைக் கோயிலுக்குக் கட்டிவிட்டு, கூடியிருப்பவர்கள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுவான். அத்தோடு தீர்ந்தது. பிறகு அதைப் பேசினால் பேசியவனுக்குத் தெண்டம். ஊரைக் கேட்காமல் ஸ்டேஷன் படியேறினால், அந்த வீட்டோடு யாரும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார்கள், தொழிலும் செய்ய மாட்டார்கள். திருட்டு விஷயத்தில் இது நல்ல ஏற்பாடு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

என் தங்கை சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். அவள் புருஷன் குடித்தால் அடிப்பான். மச்சான் ஆயிற்றே என்று நான் விட்டுவிடவில்லை. மூன்று தடவை ஊரைக் கூட்டி, மற்றவர்களுக்குப் போடுவதைவிட ஜாஸ்தியாகவே தெண்டம் போட்டேன். மூன்று தடவையும் கட்டினான், விழுந்தான். விழுந்தது எங்கள் காலில். பெண்கள் அந்தக் கூட்டத்தில் உட்காருவதில்லை. அடி வாங்கியவள் வீட்டில் இருந்தாள். மூன்றாவது தடவை, தெண்டக் காசில் கோயிலுக்குப் பெயிண்ட் வேலை நடந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் ஒருவன், "மச்சானுக்கு இன்னொரு குவார்ட்டர் வாங்கிக் குடுத்தா மதில் பூரா அடிச்சிரலாம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

2011-இல் சிதம்பரத்தில் காலேஜ் படிக்கும் ஒரு பெண், எந்த ஊரில் என்னென்ன குற்றம் நடக்கிறது என்று கணக்கெடுக்க வந்தது. ஸ்டேஷன் கணக்கில் எங்கள் ஊருக்கு நேராக ஒன்றுமில்லை என்று அதுவே காட்டியது. இருந்தாலும் வீடு வீடாகக் கேட்க வேண்டுமாம். நானே கூட்டிக்கொண்டு போனேன். எதைக் கேட்டாலும் ஜனங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்றார்கள். தங்கை மட்டும், மீன் கூடையைக் கழுவிக்கொண்டே, தான் மூன்று தடவை அடி வாங்கியதைச் சொன்னாள்.

"அதெல்லாம் தீந்துபோன விஷயம்மா, எழுதாத" என்றேன் அந்தப் பெண்ணிடம்.

தங்கை கூடையைக் கவிழ்த்து வைத்தாள். "ஊருக்குத் தீந்துபோச்சி. எனக்குத் தீரல. நீ எழுதிக்கம்மா."

அடுத்த மாதம் மச்சான் அவளை இடது காதோடு சேர்த்து அறைந்தான். ரத்தம் வந்தது. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, கரையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றேன். அப்படியே சீட்டில் எழுதினார். அந்தக் காது இனிமேல் கேட்காது என்றும் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பினோம். ஊர் முனையில் இறங்கியதும் அவள் சொன்னாள்: "நாளைக்கி ஸ்டேஷனுக்குப் போறேன். ஊரக் கூட்டி என்னத் தள்ளி வெக்கிறதுன்னா வெச்சிக்க. இன்னொரு தபா அடிச்சான்னா, சொல்றதுக்கு நான் இருக்க மாட்டேண்ணா."

காலையில் அவளுக்கு முன்னால் நான் போய் பஸ் நிறுத்தத்தில் நின்றேன்.

அவளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. எனக்கு நாற்காலி போட்டார், டீ சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டார். "உங்க ஊர்லேர்ந்து கேஸா? இத்தினி வருஷம் காப்பாத்துன பேரு தலைவரே. மனு ரசீது மட்டும் தரேன், அவனக் கூப்ட்டு மெரட்டி அனுப்பிருவோம்." கேஸ் கணக்கு குறைவாக இருந்தால் அவருக்கும் நல்ல பெயர் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆறு வருஷமாக நானும் ஸ்டேஷனும் ஒரே வேலையைத்தான் பார்த்துவந்திருக்கிறோம்.

எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்றேன். அவர் ஆஸ்பத்திரிச் சீட்டைப் புரட்டினார். "வழுக்கி விழுந்ததாதான இதுல இருக்குது? அப்படின்னு சொன்னது யாரு?"

தங்கை, கேட்கும் காதை என் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் சார். அது பொய்யி. அதையும் சேத்து எழுதிக்குங்க."

எஃப்.ஐ.ஆர். நகல் கையில் கிடைக்க மறுநாள் ஆனது. அதற்குள் மச்சானைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஊர் கூடி என்னைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்துவிட்டது, என் கடையில் யாரும் ஐஸ் வாங்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. போகட்டும். பக்கத்து ஊர்களுக்கு வண்டியில் கொண்டுபோய் விற்றேன். எனக்குப் பிழைக்கத் தெரியும்.

நகல் வாங்கிய அன்றைக்கே, ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி அந்தத் தாளைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குப் படிப்பு வராது.

"அவன் அடிச்சான்னு எங்க எழுதியிருக்குது?"

அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தாளை வாங்கி, மடிப்பு அந்த வரிமேல் விழாதபடி மடித்து, சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள்.