துணியோடு பார்த்த எடை

எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். எழுத்து கோணல்மாணலாக வரும், மறதியும் சேர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தை நினைத்தால் இப்பவும் கை பரபரக்கிறது. குழந்தைகளுக்கு எடை பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தின் கடைசி. உத்தமபாளையம் பக்கம் ஒரு தாய்சேய் நிலையத்தில் நான் ஆயா. ஹெல்த் விசிட்டர் அம்மா மலையாளத்துக்காரக. செவ்வாய்க்கிழமைதோறும் நோயில்லாத பிள்ளைகளை வரச்சொல்லி எடை பார்ப்போம். மெலிய ஆரம்பிக்கும்போதே கண்டுபிடித்தால் காப்பாற்றிவிடலாம் என்பார்கள் அம்மா. "சீக்கு வந்தாத்தான ஆசுபத்திரி? நல்லாருக்க புள்ளைய எதுக்குத் தூக்கிட்டு வரணும்?" என்று ஊரே சிரித்தது.

பத்துப் பேர் பார்க்கப் பிள்ளையை அம்மணமாகத் தராசில் போட எந்தத் தாயும் சம்மதிக்கவில்லை. அதனால் துணியோடு போட்டு, துணிக்கு அரைப் பவுண்டு கழித்துவிடுவேன். அது நானாகப் பார்த்துக்கொண்ட சௌகரியம். அம்மா எடையை உரக்கச் சொல்ல, நான் நோட்டில் எழுதுவேன்.

அனுமந்தன்பட்டி ராசாத்தியின் மகளுக்கு ஏழு மாதம். போன மாதம் பதின்மூன்று பவுண்டு. அன்றைக்குப் பதினாலு.

"கொள்ளாம்! நல்லா ஏறுது. அடுத்த மாசம் வந்தாப் போதும்" என்றார்கள் அம்மா.

ராசாத்தி வராண்டாவில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். துணி விலகியது. பிள்ளையின் அரைஞாண் கயிறு தொடைவரை இறங்கிக் கிடந்தது. போன மாதம் இடுப்பில் பதிந்திருந்த கயிறு! அம்மாவை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இவள் கிளம்பிவிட்டால் ஒரு மாதம் வரமாட்டாள். போய் நின்றேன்.

"அம்மா... அந்தப் புள்ள மெலிஞ்சிருக்கும்மா."

"தராசு பொய் பறையுமோ?"

"தராசு பொய் சொல்லாதும்மா. துணிதான் சொல்லுது போல."

துணியைப் பிரித்தோம். டங்கென்று ஒரு தேய்ந்த கலப்பைக் கொழு தரையில் விழுந்தது!

"போன தடவ இத்தன பேருக்கு முன்னால எடையச் சொன்னீக. அன்னையிலருந்து புள்ள சொணங்கிருச்சு. கண்ணு படாம இருக்கத்தான் இரும்பு வச்சேன் ஆத்தா" என்று ராசாத்தி அழுதாள்.

"ஏரையும் மாட்டையும் ஏன்டி வீட்டுல விட்டுட்டு வந்த?" என்றாள் அடுத்து நின்றவள். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெறும் உடம்போடு போட்டோம். பன்னிரண்டு. சிரிப்பு நின்றது.

விசாரித்தால், அவள் நாற்று நடப் போய்ப் பொழுதுசாயத்தான் வருகிறாள். அதுவரை வீட்டில் மாமியார் பிள்ளைக்குக் கொடுப்பது பழைய சோற்று நீச்சத்தண்ணிதான்.

"மத்தியானம் புள்ளைய வயலுக்கே கொண்டாரச் சொல்லிப் பால் குடு. கேப்பைக் கூழு பால் விட்டுக் காய்ச்சிக் குடு. வாரா வாரம் வரணும்" என்றார்கள் அம்மா.

மறு செவ்வாயே என் பழைய சேலையை அறையில் குறுக்கே கட்டினேன். சேலைக்குள் ஒரு தாய், ஒரு பிள்ளை. துணி கிடையாது. எடையைத் தாயின் காதில் மட்டும் சொன்னோம். அப்புறம் வந்த கூட்டம் இருக்கிறதே! வரிசை ரோடு வரை போனது.

மூன்றாம் மாதம் ராசாத்தி மகளைத் தராசில் படுக்கப் போட்டேன். படுக்கமாட்டேன் என்று புரண்டு, விளிம்பைப் பிடித்துத் தானாக எழுந்து உட்கார்ந்துகொண்டாள்! அம்மா எடையைப் பார்க்க மறந்து கைதட்டினாக.

நான் கற்றது இதுதான். நோட்டு ஒன்று சொல்லி, பிள்ளை உடம்பு வேறொன்று சொன்னால் உடம்பை நம்புங்கள். கூச்சப்படாமல் வாய்திறந்து சொல்லுங்கள்.

பவுண்டுக் கணக்கை ஞாபகத்திலிருந்துதான் எழுதினேன். அந்தக் காலத்துத் தராசு தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்து, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள்.