செபமாலை அண்ணை எய்த மீன்கள்

செபமாலை அண்ணையின் தொலைபேசியிலிருந்து அழைப்பு வந்தபோது, எங்கள் தெருமுனை டெப்பனர் கடையில் பால் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். தினமும் காலையில் அந்த நேரத்தில் எடுப்பவர் அவர். வழக்கம்போல, “என்ன பொய்க்காரா, இன்னும் படுக்கையாலை எழும்பேல்லையோ?” என்று கேட்டேன். பதில் வரவில்லை. பிறகு ஒரு பெண்குரல், “அங்கிள், நான் றெஜினா. அப்பா விடியப்புறம் போயிட்டார்” என்றது. கையிலிருந்த பாலை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. லொத்தர் சீட்டுகளுக்கு மேல் வைத்துவிட்டு நடந்தேனாம். கடைக்காரர் அடுத்த நாள் சொன்னார்.

மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் அவரைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் றெஜினா என்னை ஒரு மூலைக்குக் கூட்டிச் சென்றாள். அவள் அண்ணையின் ஒரே மகள். “அங்கிள், நீங்கள் ஏன் அப்பாவை எப்பவும் பொய்க்காரன் எண்டு கூப்பிடுறனீங்கள்? பகிடிக்கோ, உண்மையாவோ?” என்று கேட்டாள். எதற்கும் வாயில் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு, “எழுதித் தாறன், பிள்ளை” என்று மட்டும் சொன்னேன். அதைத்தான் இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எழுத்துப் பிழைகளை மலர் அடிக்கிற பிள்ளைகள் திருத்தட்டும். கதையைத் திருத்த வேண்டாம்.

அவரைத் தெரிந்த உங்கள் எல்லாருக்கும் அவரது மீன் கதையும் தெரியும். நிலவில்லாத இரவு. மட்டக்களப்பு வாவி. தோணியின் முனையில் தீப்பந்தம், அதன் பின்னால் ஈட்டியோடு செபமாலை அண்ணை. “மீன் பந்தத்தைப் பாக்கும், நான் மீனைப் பாப்பன், மறுகா ஈட்டி பாத்துக்கொள்ளும்” என்பார். கலியாண வீடு, பிறந்தநாள் வீடு, செத்த வீடு எங்கும் இந்தக் கதை நடக்கும். எனக்கு அது தேன். “அண்ணை, போன கலியாணத்திலை அந்த மீன் முழங்கை அளவு. இண்டைக்குத் தோளுக்கு வந்திட்டுது. வருசா வருசம் தீனி போடுறியளோ?” என்று கேட்பேன். சபை சிரிக்கும். “மனே, யாழ்ப்பாணத்தானுக்கு மீன் எண்டால் சந்தையிலை படுத்துக் கிடக்கிற சாமான். நீந்திறதைக் கண்டிருக்கியா நீ?” என்று அவரும் விடமாட்டார்.

நாங்கள் சந்தித்தது நகர மத்தியில் ஒரு பெரிய உணவகத்தின் சமையலறையில். முப்பது வருடம் அங்கே பாத்திரம் கழுவினோம். பக்கத்தில் பக்கத்தில் ஆழமான தொட்டிகள். முதல் தொட்டியில் சவர்க்கார நுரை, அது என்னுடையது. இரண்டாம் தொட்டியில் அலசுகிற தெளிந்த தண்ணீர், அது அவருடையது. அந்தச் சமையலறையில் கொதிக்கும் சட்டியோடு ஒருவர் முதுகுக்குப் பின்னால் போவதென்றால் “டெரியேர்!” என்று கத்திக்கொண்டுதான் போகவேண்டும். பின்னால் ஆள் வருது, திரும்பாதே என்று அர்த்தம். அண்ணைக்கு அது இரத்தத்தில் ஊறிவிட்டது. கோயிலில் நற்கருணை வாங்கப் போகும்போதும் “டெரியேர்” என்று மெல்லச் சொல்லிக்கொண்டுதான் போவார்.

அவருக்கு எழுபது வயதானபோது றெஜினா அமெரிக்காவில், லூசியானாவில் வேலையாக இருந்தாள். அங்கே பாயூ என்று சொல்லப்படும் ஆறு ஒன்று இருக்கிறது. ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத அளவுக்கு அசைகிற கறுத்த நீர். இரவில் வெளிச்சம் பூட்டிய படகில் கூட்டிச்சென்று, வில்லால் மீன் எய்யக் காட்டிக்கொடுக்கும் ஆட்கள் அங்கே உண்டாம். அவள் அப்பாவுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு படகைப் பதிந்துவிட்டாள். “அப்பா சொன்ன கதையை நான் ஒருக்கா என்ர கண்ணாலை பாக்கவேணும்” என்றாள். துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம். அண்ணை என்னைக் கேட்டார். கள்ளனைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற சந்தோஷத்தில் நான் இரண்டு நாள் நித்திரை கொள்ளவில்லை.

விமானத்தில் அவர் செபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார். “பேருக்கேத்த வேலை” என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை.

“தம்பி, நீ சொன்னது சரி.”

“என்னத்தை?”

“நான் ஒருநாளும் மீன் பிடிக்கேல்லை. தோணியிலை கால் வைச்சதில்லை. எனக்கு நீந்தவும் தெரியாது.”

ஊரில் அவர் ஒரு தையற்கடையில் சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைத்தவராம். வாவியை அவர் பார்த்ததெல்லாம் பாலத்தில் போகும் பஸ் ஜன்னலால்தான். பிறகு எப்படி வந்தது கதை? மொன்றியலுக்கு வந்த புதிதில் அகதிகளுக்கான பிரெஞ்சு வகுப்பில், ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்று ரீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பொத்தான் துளைக்குப் பிரெஞ்சில் என்ன? இவருக்குத் தெரியாது. சுவரில் தொழில் படங்கள் ஒட்டியிருந்தன. கிட்ட இருந்த படத்தில் ஒருவன் தூண்டிலோடு நின்றான், கீழே சொல் எழுதியிருந்தது. இவர் அதை வாசித்துவிட்டார். “சந்தோசமா எல்லாரும் கை தட்டினாங்கள். பேந்து எப்பிடி மாத்திறது? நீ மீன்காரனாமே எண்டு ஒவ்வொருத்தனா வந்து கேட்டான். நானும் சொல்லத் தொடங்கிட்டன்” என்றார்.

முப்பது வருடம் நான் பகிடியாகச் சொன்னது உண்மை என்று தெரிந்தபோது எனக்கு ஏனோ சப்பென்று போய்விட்டது.

“றெஜினா சின்னனிலை இந்தக் கதையைக் கேட்டாத்தான் படுக்கும். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு முன்னால நான் என்ன செய்வன்?” என்றார்.

“அப்ப ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு போறியள்? வாய் மூடுற ஆள் ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?”

“என்னை நம்பாத ஒரே ஆள் நீதான் மனே. உனக்கு முன்னால விழுந்தா நோகாது.”

படகுக்காரரின் பெயர் கிளோவிஸ். அறுபது வயதிருக்கும். தாடி வயிறுவரை, சப்பாத்து முழங்கால்வரை. அந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்களைப் போல அவரும் வீட்டில் பழகிய ஒரு பழைய பிரெஞ்சு பேசினார். நாங்கள் பேசியது சமையலறைப் பிரெஞ்சு. சூடு, கெதி, துடை, பின்னால் என்பவைதான் எங்கள் சொற்கள். அதை வைத்துக்கொண்டே மூவரும் ஒரு இரவைக் கடத்தினோம் என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். றெஜினாவுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். படகில் ஏறமுடியாது. துறையில் மடக்குக் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “அப்பா, பெரிசா ஒண்டு கொண்டு வாங்கோ!” என்று கத்தினாள். அண்ணை கையை ஆட்டினார்.

அந்தப் படகு தட்டையான ஒரு தகரப் பெட்டி. முன்பக்கம் உயர்த்தி மேடை போட்டு, விழாமல் பிடிக்கக் கம்பி கட்டி, சுற்றிவர வெளிச்சம் பூட்டியிருந்தார்கள். வெளிச்சம் பட்டதும் கறுத்த தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறமாகி, அடிச்சேறு வரை தெரிந்தது. மீன்கள் அசையாமல் நித்திரை கொண்டன. கார் என்று ஒரு மீன். முதலையின் மூஞ்சியைப் பாம்பின் உடம்பில் ஒட்டிவைத்தது போலிருந்தது. மரங்கள் கரையில் இல்லை, தண்ணீருக்குள் நின்றன. கிளைகளிலிருந்து கிளோவிஸின் தாடி போலவே ஏதோ தொங்கியது. தூரத்தில் சோடி சோடியாகச் சிவப்புப் புள்ளிகள். முதலைக் கண்களாம். கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் இடையில் எத்தனை அங்குலமோ, முதலை அத்தனை அடி என்று கிளோவிஸ் விளக்கினார். அளந்து பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்தார்களா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, ஒருவர் வந்தார் என்றார்.

அண்ணை வில்லை என்னிடம் தள்ளினார். “நீ முதல் அடி.” அம்பின் வாலில் நூல் கட்டியிருந்தது. வில்லில் பூட்டிய ஒரு சிறு உருளைக்குள் அந்த நூல் சுற்றியிருக்கும். எய்வதற்கு முன் உருளையின் விசையை அமத்தவேண்டும், இல்லாவிட்டால் நூல் ஓடாது என்று கிளோவிஸ் மூன்று தரம் சொன்னார். ஏழு அம்பு எய்தேன். ஏழும் மீனுக்கு மேலால் போயின. எட்டாவதை இழுக்கும்போது கிட்டத்தில், மிகக் கிட்டத்தில், இரண்டு சிவப்புக் கண்கள் திறந்தன. விசையை மறந்தேன். அம்பு கொஞ்சத் தூரம் போய், நூல் இறுகி, திரும்பி வந்தது. என் காதைத் தொடாமல் போய்ப் பின்னால் தகரத்தில் மோதிய சத்தம் இப்போதும் கேட்கிறது.

அடுத்ததை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. பயத்தில் என் காற்சட்டை நனைந்துவிட்டது. அந்தப் பயணத்துக்கென்று வாங்கிய வெளிர்நிறக் காற்சட்டை. அத்தனை வெளிச்சமும் என்மேல். என்னவென்று பார்க்கக் கிளோவிஸ் எழும்பினார். அந்தக் கணத்தில், “டெரியேர்!” என்று ஒரு கத்தல். அண்ணை சோடாப் போத்தல்கள் மிதந்த ஐஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தார், தடுக்குப்பட்டார், முழு வாளியையும் என் இடுப்பில் கொட்டினார். “பார்டோன், பார்டோன், கை வழுக்கிட்டுது!” என்று கிளோவிஸிடம் மன்னிப்புக் கேட்டார். கிளோவிஸ் தலையில் அடித்துக்கொண்டு துவாய் தேடப் போனார். அண்ணை என் பக்கம் பார்க்காமலே, “குளிருதெண்டு நடுங்கு மனே. நல்லா நடுங்கு” என்றார்.

நடிக்கத் தேவையிருக்கவில்லை. உண்மையாகவே நடுங்கிக்கொண்டிருந்தேன். இனி நான் எய்யமாட்டேன் என்று தெரிந்ததும் அண்ணை வில்லை எடுத்தார். வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார். நீந்தத் தெரியாத மனிதன், கம்பியில் வயிற்றை அண்டக் கொடுத்துக்கொண்டு, தொட்டிக்கு முன்னால் நின்ற அதே மாதிரி நின்றார். விசையை அமத்தினார். அம்பின் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினார். அது மீனுக்கு நன்றாகக் கீழே பார்த்தது. சிரிப்பதற்கு நான் வாயைத் திறந்தும்விட்டேன். அம்பு போனது. நூல் இழுபட்டது. தண்ணீர் வெடித்தது. கை நீளக் கார் மீன் ஒன்று தகரத்தில் வந்து விழுந்து துள்ளியது.

“எப்பிடி?” என்றேன்.

“ரெண்டாம் தொட்டியிலை கரண்டி எங்கை கிடக்கும்?”

“அடியிலை.”

“கண்ணுக்கு எங்கை தெரியும்?”

நான் முதல் தொட்டிக்காரன். நுரைக்குள் கைவிட்டுத் தடவி எடுத்தவன். எனக்கு எப்படித் தெரியும்?

“கொஞ்சம் மேலை தெரியும். கண்ட இடத்திலை பிடிச்சா வெறும் தண்ணிதான் கையிலை வரும். இந்த மீனும் கரண்டிதான் மனே, வால் மட்டும் கூட” என்றார்.

அன்றிரவு நான்கு மீன் எய்தார். இதை எங்கே பழகினாய் என்று கிளோவிஸ் கேட்டபோது, “முப்பது வருசம் பாத்திரம் கழுவினன்” என்று தன் பிரெஞ்சில் உண்மையைச் சொன்னார். கிளோவிஸ் அதைப் பகிடி என்று நினைத்து, தாடி குலுங்கச் சிரித்தார்.

திரும்பி வரும் வழியில் ஓர் ஒப்பந்தம் செய்தோம். அவரது பொத்தான் துளையை நான் சொல்லக்கூடாது, எனது காற்சட்டையை அவர் சொல்லக்கூடாது. இருவரில் பிந்திப் போகிறவர் சொல்லலாம். “அப்ப நான்தான் சொல்லப் போறன். உன்ர பிறஷர் அப்பிடி” என்றார் அண்ணை.

துறையில் றெஜினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். மீன்களைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “அங்கிள், இப்ப என்ன சொல்லுறீங்கள்?” அண்ணையும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடமாக நான் காத்திருந்த சந்தர்ப்பம். “வாவியிலை பழகின கை எண்டு தெரியுது, பிள்ளை” என்றேன். அவள் அப்பாவைக் கட்டிப்பிடித்தாள். பிறகு, “நீங்கள் ஏன் தெப்பமா நிக்கிறீங்கள்?” என்று என்னைக் கேட்டாள். “நான்தான் தண்ணியை ஊத்திப்போட்டன். வயசு போச்சு, கை ஏலாது” என்று அண்ணை முந்திக்கொண்டார். நான்கு மீன் எய்த கையை ஏலாத கை என்று அவர் சொன்னதை அவள் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகும் அவரைப் பொய்க்காரா என்றுதான் அழைத்தேன். நிறுத்தினால் பிள்ளைக்குச் சந்தேகம் வரும் என்று அவர்தான் சொன்னார்.

இதை எழுதலாமா என்று அவர் மனைவி பிலோமினா அக்காவிடம் போய்க் கேட்டேன். தையற்கடை அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தேநீரை வைத்துவிட்டு, “உனக்குத் தெரிஞ்சது ஒரு பொய். எனக்கு எத்தினை தெரியும்! எழுது” என்றார்.

ஆகவே றெஜினா, பகிடியோ உண்மையோ என்று நீ கேட்டதற்கு இதுதான் பதில். உன் அப்பா மீன்காரர் இல்லை. ஆனால் அந்த நான்கு மீனும் அவர் எய்தவைதான். என்மேல் தண்ணீர் கொட்டியது கைத்தவறு இல்லை. அதையும் நீ தெரிந்துகொள்ளவேண்டும். அன்றைக்கு உன் வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது படுக்கப்போக முன் கதை கேட்கிறதாம். வாவியைச் சொல்வாயா, தொட்டியைச் சொல்வாயா? அறிய எனக்கு ஆசையாக இருக்கிறது.

என் காற்சட்டைக் கதையை அவர் சொல்லியிருந்தால் சபை விழுந்து விழுந்து சிரித்திருக்கும். எனக்கு அவ்வளவு நன்றாகச் சொல்ல வரவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றுதான். வீட்டில் இப்போது நான் நுரையில் தடவுவதில்லை. தொட்டியில் தெளிந்த தண்ணீரைப் பிடித்து, கரண்டியைப் பார்த்து, அது தெரிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே கையை விடுகிறேன். ஒவ்வொரு தரமும் அது அங்கேதான் இருக்கிறது.