பார்த்தவர்கள் பட்டியல்

அந்த ஆளின் படத்தை நான் பார்த்தபோது காலை பத்தரை மணி இருக்கும். தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் போனை எடுத்தேன். எங்கள் திராட்சைக்காரர்களின் இணையக் குழுவில் புதிதாக ஒரு பதிவு. தோளில் சாக்குப்பையோடு ஒருவர் திராட்சைப் பந்தலுக்கு அடியிலிருந்து குனிந்து வெளியே வருகிறார். மேலே, 'மோட்டார் வயர் திருடன். நம்ம பக்கந்தேன் சுத்துறான். பாத்தா விடாதீங்க' என்று எழுதியிருந்தது.

எனக்கு அவரைத் தெரியும். குமுளிப் பக்கத்துக்காரர். பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுவார். காமயகவுண்டன்பட்டியில் எனக்கிருக்கும் ஒன்றரை ஏக்கர் தோட்டத்துக்கும் மாதம் ஒரு தடவை வருவார். கொடிக்கு மருந்து அடித்துவிட்டு நாம் வரப்பில் விட்டெறிகிற காலி டப்பாக்களைப் பொறுக்கிக்கொண்டு போவார். கேட்காமல் உள்ளே கால் வைக்க மாட்டார். "சேட்டா, எடுத்தோட்டே?" என்று வேலிக்கு வெளியே நின்று, எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்பார். அந்தச் சாக்கில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைக் கட்டியிருந்த நீலக் கயிறுகூடத் தெரியும்.

பதிவுக்குக் கீழே ரிப்போர்ட் என்று ஒரு பொத்தான் இருந்தது. நான் அதை அமுக்கவில்லை.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருநூற்றுச் சொச்சம் பேர் இருந்தோம். செவட்டை நோய் விழுந்தால் என்ன மருந்து, கவாத்து வெட்ட ஆள் கிடைக்குமா, இந்த வாரம் மழை உண்டா, இதுதான் பேச்சு. அதைப் பார்த்துக்கொள்ள ஒரே ஓர் அட்மின். சம்பளம் கிம்பளம் எதுவும் கிடையாது. முகத்துக்குப் பதிலாக ஒரு கறுப்புத் திராட்சைக் கொத்தின் படம். நாங்கள் எல்லோரும் 'அட்மின் அண்ணே' என்றுதான் கூப்பிடுவோம். வயர் திருட்டு அதிகமான நாளிலிருந்து அந்த அட்மின் ஒரு விதி வைத்திருந்தார். திருடன் என்று யார் படத்தையும் குழுவில் போடக் கூடாது, புகார் இருந்தால் போலீசுக்குப் போங்கள் என்பது அந்த விதி. படம் போட்டால் தூக்கிவிடுவார். தூக்கியதும் வசவு ஆரம்பிக்கும். 'திருட்டுப் பயலுக்கு வக்காலத்து', 'உனக்கும் பங்கு வருதா' என்றெல்லாம் எழுதுவார்கள். நாங்கள் வேடிக்கை பார்ப்போம். உண்மையைச் சொன்னால் எனக்கு அது நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

எதற்கெடுத்தாலும் கருத்துச் சொல்கிற ஆள் நான். அந்தப் பஸ் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால், கெட்டுப்போன நாற்றை விற்ற ஒருவரை அவர் குடும்பத்தோடு சேர்த்துக் கிழித்து எழுதியிருந்தேன். அட்மின் அதை நீக்கிவிட்டு, 'ஆள விட்டுட்டு நாத்தப் பத்தி எழுதுங்க' என்று தனியாக ஒரு வரி அனுப்பினார். எனக்கு ரத்தம் கொதித்தது. பதிலுக்கு நான் எழுதியதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் அட்மின் எல்லோருக்கும் ஒரு அறிவிப்புப் போட்டார். 'வீட்டுல ஆபரேசன். ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில இருப்பேன். குழுவத் தொறந்து பாக்க முடியாது. ரிப்போர்ட் வந்தா மட்டும் மணி அடிக்கிற மாதிரி வச்சிருக்கேன். தப்பா எதுவும் வந்தா யாராச்சும் ஒரு ஆளு ரிப்போர்ட் பண்ணி விடுங்க, நான் ஒடனே எடுத்துர்றேன்.' படித்தேன். முறைப்பில் ஒரு லைக் கூடப் போடவில்லை.

ஆக, பஸ்ஸில் என் கட்டைவிரல் அந்தப் பொத்தானுக்கு மேலே போனது நிஜம். இத்தனை பேர் பார்க்கிறார்கள், எவனாவது அமுக்குவான் என்று நினைத்ததாக வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது இரண்டாவதாக நினைத்தது. முதலில் நினைத்தது, 'அவரே பாத்துக்கிறட்டுமே, பெரிய அட்மின்' என்பதுதான். சின்னமனூர் தாண்டும்போது தூங்கிப்போனேன்.

அன்று மூன்று மணிக்கு அவரைப் பிடித்தார்கள். காமயகவுண்டன்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில், பந்தலைத் தாங்குகிற கல்தூணோடு சேர்த்துக் கட்டினார்கள். சாக்கை அவிழ்த்துக் கொட்டிப் பார்த்தார்களாம். காலி டப்பாக்கள் உருண்டன. அதற்கு அப்புறமும் அடித்தார்கள். நான் அப்போது என் தோட்டத்தில் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். அங்கிருந்து நடந்தால் இருபது நிமிடம். எனக்குச் சாயங்காலம் டீக்கடையில்தான் தெரிந்தது. யாருடைய தோட்டம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

விலா எலும்பு இரண்டு முறிந்தது. இடது காது கேட்காமல் போய்விட்டது. மூன்று பேரைப் போலீஸ் கூட்டிப்போனது. குமுளியிலிருந்து அவருடைய தம்பி வந்து அழைத்துப் போனாராம். அதற்கு அப்புறம் அவர் இந்தப் பள்ளத்தாக்குப் பக்கமே வரவில்லை.

பேய், பிசாசு என்று யாராவது சொன்னால் கிண்டல் பண்ணுகிறவன் நான். இது பேய் இல்லை, அவர் உயிரோடுதான் இருக்கிறார். உயிரோடு இருக்கிற ஒருவர் பட்டப்பகலில் இப்படி வருவார் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பந்தலுக்குள் போனால் எந்தக் கல்லைப் பார்த்தாலும் அவரைக் கட்டியிருக்கிறது. வேலிப்பக்கம் முதுகைக் காட்டி நின்றால் "எடுத்தோட்டே?" என்று கேட்கிறது. திரும்பினால் ஒருவரும் இல்லை. வரப்பில் மருந்து டப்பாக்கள் மட்டும் குவிந்து கிடக்கின்றன. அவற்றை நானே எடுத்துப் போடலாம், ஆனால் கை போகமாட்டேன் என்கிறது.

இரண்டு நாள் கழித்து அட்மின் எழுதினார். 'போட்ட ஆளக் கேக்கலை, அது போலீசு கேக்கும். பாத்தவங்களத்தேன் கேக்குறேன். முப்பத்தெட்டுப் பேர் பாத்திருக்கீக. ஒரு ஆளு கூடவா இல்ல? ஆஸ்பத்திரியில போன மடியிலேயே வச்சிருந்தேன். மணி அடிக்கவே இல்ல. இனி என்னால முடியாது.' எல்லோரும் படித்தார்கள். பதில் எழுத ஒருவருக்கும் கை வரவில்லை, எனக்கும்தான்.

ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். அப்புறம் அட்மினிடம் தனியாகக் கேட்டு முகவரி வாங்கிக்கொண்டு பழனிசெட்டிபட்டிக்குப் போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

"அட்மின் அண்ணன் இருக்காகளா?"

"நாந்தேன் தம்பி. உள்ள வாங்க."

உள்ளே அவருடைய கணவர் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். ஆபரேஷன் அவருக்குத்தான். நான் பேச வாயெடுப்பதற்குள் சமையலறையிலிருந்து மணிச் சத்தம் லேசாகக் கேட்டது. அந்த அம்மாவின் தோள் தூக்கிப்போட்டது. "போன அரிசி டின்னுக்குள்ள போட்டு வச்சிருக்கா, அப்பயும் கேக்குது" என்றார் கணவர். அவர் சிரிக்க முயன்று, தையல் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

அந்த அம்மா டின்னிலிருந்து போனை எடுத்து எனக்குக் காட்டினார். குழுவில் எங்கள் கண்ணுக்குப் படாமல் அவருக்குத் தனியாக வந்தவை. நான்கு வருஷத்து வசவு. ஒரு பெண் என்று தெரியாமல் எழுதியதே அவ்வளவு. என்னுடையதும் அதில் இருந்தது, என் பெயரோடு, என் மகள் திருமணத்தில் எடுத்த என் சிரித்த படத்தோடு.

"அக்கா, அன்னைக்கு அந்தப் படத்த நானும்..."

"தெரியும் தம்பி. பாத்தவங்க பட்டியல்ல நாலாவது ஆளு நீங்க. நீங்க எதுக்கும் வாய மூடுற ஆளு இல்லையே. அதேன் உங்க பேரப் பாத்ததும் கண்ணு அங்கனயே நின்னுருச்சு."

திட்டியிருந்தால் தேவலை. அவர் எனக்குக் காபி கொடுத்தார்.

போகும்போது நானே இந்த வேலையை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "ஒத்தையில எடுக்காதீக" என்றார். "ஏச்செல்லாம் தாங்கிக்கிறலாம் தம்பி. 'ஏப்பா, அட்மின் சொல்றதும் நியாயந்தேன'ன்னு என்னைக்காச்சும் ஒரு ஆளு ஒரு வரி எழுதியிருந்தா நான் ஓடியிருக்க மாட்டேன். இருநூறு பேரு இருந்தும் ஊருக்கு வெளிய தனியா நிக்கிற மாதிரியே இருந்துச்சு."

இப்போது நாங்கள் நான்கு பேர், நாளைப் பங்கிட்டுப் பார்க்கிறோம். எனக்குச் செவ்வாயும் வெள்ளியும். முதல் நாளே குழுவில் எழுதினேன்: நான் அந்தப் படத்தைப் பார்த்தேன், அவரை எனக்குத் தெரியும், ரிப்போர்ட் பண்ணவில்லை. ஏன் பண்ணவில்லை என்பதை அங்கே எழுதவில்லை. அதை எழுதுவது இப்போதுதான். தப்பானதைப் பார்த்தால் அமுக்குங்கள், அடுத்தவர் அமுக்குவார் என்று இருக்காதீர்கள், எங்களில் யாரையாவது ஏசினால் இரண்டு பேராவது குறுக்கே வாருங்கள் என்று கெஞ்சியும் எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. சரி, செவிடன் காதில் ஊதிய சங்கு என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அல்லிநகரத்தில் என் ஜெராக்ஸ் கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. போனில் மணி அடித்தது. எடுப்பதற்குள் இன்னொன்று, அதற்குள் மூன்றாவது. திறந்தால் ஒரு பெண்ணின் படம். கையில் பை, பின்னால் யாரோ ஒருவருடைய தோட்டம். 'இவளப் பாத்து வைங்க' என்று எழுதியிருந்தது. ஏழு ரிப்போர்ட். கீழே ஒருவர், 'ஏலே, மொதல்ல படத்த எடு. யாரு எவருன்னு தெரியாம' என்று அதட்டியிருந்தார். நீக்கினேன். போட்டவர் என்மேல் பாய்ந்தார். நான் வாயைத் திறக்கவேயில்லை, எனக்காக நான்கு பேர் பேசினார்கள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. அன்றைக்கு ஒன்று போதுமாயிருந்ததே.

ஏழு பேருக்கும் தனித்தனியாக நன்றி எழுதினேன். ஆறு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். முதலில் ரிப்போர்ட் பண்ணியவர் காமயகவுண்டன்பட்டிக்காரப் பெண், நான் நேரில் பார்த்ததில்லை. அவரிடமிருந்து மட்டும் வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

'நன்றியெல்லாம் வேணாம்ணே. அன்னைக்கு அந்தப் படத்த நானும் பாத்தேன். அட்மின் அண்ணே பாத்துக்கிருவாகன்னு போன மூடி வச்சுட்டு சோத்துக்கு ஒலை வைக்கப் போயிட்டேன். அப்பறம் சத்தம் கேட்டுத்தேன் வெளிய வந்தேன். எங்க தோட்டத்துக் கல்லுலதேன் கட்டியிருந்தாக.'