துண்டுக்கு அடியில் பேரம் பேசிய சோறு

என் மகள் சின்னத்தாய்க்கு வந்த நோயின் முதல் அறிகுறியை நான் கைதட்டி ரசித்தேன். இப்படிப்பட்ட அறிவாளித் தகப்பன் உங்கள் வீட்டிலும் ஒருவன் இருக்கக்கூடும். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் போடியில் ஏலக்காய்த் தரகன். மலையிலிருந்து மூட்டை இறங்கியதும், விற்பவன் கைமேல் என் தோள்துண்டைப் போட்டு, அதற்கு அடியில் அவன் விரலைப் பிடித்து விலை கேட்பேன். பிறகு வாங்குபவன் கைமேல் போட்டு அவன் விலையைக் கேட்பேன். வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். விலையை விரல்கள் பேசும். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் புரியாது.

இந்த வித்தை சின்னத்தாய்க்குச் சிறு வயதிலேயே அத்துப்படி. அவள் சாப்பிட அடம்பிடித்தால் கைமேல் துண்டைப் போடுவேன். ஐந்து கவளம் என்று ஐந்து விரலைப் பிடிப்பேன். அவள் மூன்றைக் கொடுப்பாள். நான்கில் முடியும். எங்கள் வீட்டில் தினமும் நடக்கும் வேடிக்கை இது.

பதினான்கு வயதில், சடங்கு கழிந்த சில மாதங்களில், அவள் மூன்றில் ஆரம்பித்து இரண்டில் முடித்தாள். பிறகு இரண்டில் ஆரம்பித்து ஒன்றில் முடித்தாள். "எம்மக என்னையே அடிச்சுட்டாய்யா" என்று கடைத்தெருவில் சொல்லிச் சிரித்தேன். ஒருநாள் துண்டுக்கு அடியில் அவள் கை இறுக மூடியிருந்தது. எங்கள் தொழிலில் அதற்கு அர்த்தம், சரக்கே வேண்டாம் என்பது.

என் மனைவி அங்கம்மாள்தான் மணிக்கட்டைப் பார்த்தாள். "வளையலு முழங்கைக்கு ஏறுது. நீங்க வெளையாடிக்கிட்டிருக்கீக."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் நான் யோசிப்பதில்லை, ஓடுவேன். தேவாரம் என்ற ஊரில் ஒரு நாட்டு வைத்தியர் இருந்தார். உச்சி வெயிலில் மாட்டு வண்டி பிடித்து அவர் வாசலில் போய் மூச்சிரைக்க நின்றேன். "நோயாளி எங்கே?" என்றார். வீட்டில் விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு என் கையை நீட்டினேன். அவர் நாடி பார்த்து எனக்குப் பித்தம் என்று சூரணம் கொடுத்தார். அதை வாங்கித் தின்றுகொண்டே வீடு திரும்பினேன்.

பிறகு அவரே வந்தார். அரோசகம் (சோற்றின்மேல் நாக்குக்கு விருப்பம் இல்லாமல் போவது) என்றார். லங்கணம் (சில நாள் பட்டினி போட்டு வயிற்றுக்கு ஓய்வு தருவது) இருக்கட்டும் என்றார். பட்டினியால் வற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பட்டினியையே மருந்தாகச் சொன்ன அந்த மேதையை நான் கும்பிட்டு வழியனுப்பினேன். சின்னத்தாய் அந்த மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

அடுத்து குறி சொல்லும் கோடாங்கி வந்தான். உடுக்கை அடித்தான். மலைச்சரிவில் கன்னிமார் பிடித்துக்கொண்டார்கள் என்றான். அவள் ஏலக்காய் உலர்த்தும் கொட்டகைக்கு என்னோடு வந்ததுதான் காரணமாம். கன்னிமார் ஏழு பேர். அவர்களில் ஒருத்திக்குக்கூடவா சோறு பிடிக்காது என்று கேட்டேன். அவன் காணிக்கைக் கோழியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இதைவிடக் கேவலம் அடுத்த தெருவில் ஆரம்பித்தது. அன்னம் இல்லாமல் உயிரோடிருக்கும் பிள்ளை, தெய்வ அம்சம் என்று பேச்சுக் கிளம்பியது. அந்தத் தெருப் பெண்கள் திருநீறு வாங்க எங்கள் வாசலுக்கு வந்தார்கள். தான் சாப்பிடாமல் பிறருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, நடக்கத் தெம்பில்லாதபோதும் ஓரிடத்தில் உட்காராமல் முற்றத்தைச் சுற்றிச்சுற்றி நடந்துகொண்டிருந்த என் பிள்ளை, அவர்கள் நெற்றியில் திருநீறு பூசினாள். அங்கம்மாள் விளக்குமாற்றை எடுத்த பிறகுதான் பக்தி அடங்கியது.

சித்திரை வெயிலில் அவளுக்குக் குளிரெடுத்தது. முன்னங்கையில் பூனைமயிர் முளைத்தது. மாதாந்திரம் நின்றுபோனது. எலும்பும் தோலுமாக நின்றுகொண்டு "உடம்பு கனமா இருக்குப்பா" என்றாள். நான் சிரிக்கப் போய், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவள் அதை மெய்யாகவே நம்பினாள்.

ஒருநாள் கொல்லையில் மயங்கி விழுந்தாள். மதுரையில் பெண்களுக்கென்று இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று அங்கம்மாள் முடிவு செய்தாள். வண்டி கட்டும்போது அவள் தம்பி கருப்பையா வந்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, அங்க யாரு கைச்சோறு? நம்ம ஆளுக இருக்காகளா?"

"அவ யாரு கைச்சோறும் திங்கலைய்யா. அந்த வகையில ஒரு கொறையும் வராது. கயித்த விடு, வெரசா போகணும்."

ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். சிரிக்கவே மாட்டார். நான் அன்று வரைக்கும் சந்தித்தவர்களில் என் பேச்சுக்கு உதடுகூட அசைக்காத முதல் மனுஷி அவர்தான். சின்னத்தாயின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு அவளிடம் கேட்டார்.

"பசிக்குதா?"

"பசிக்குது."

இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியை நாங்கள் ஒருவர்கூட அவளிடம் கேட்டிருக்கவில்லை.

"அரோசகமெல்லாம் இல்லை," என்றார் டாக்டரம்மா. "பசி இருக்கு, ருசி இருக்கு. மனசுதான் பிடிச்சு நிறுத்துது. இந்த வயசுப் பிள்ளைகளுக்கு வரும். பையன்களுக்கும் எப்பவாவது வரும்."

"எதனால வந்துச்சு தாயி?"

"தெரியாது."

காரணம் தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். மற்ற எல்லாருக்கும் காரணம் தெரிந்திருந்தது. கருப்பையாவுக்கு மட்டும் மூன்று காரணங்கள் தெரிந்திருந்தன.

வீட்டில் எப்படிச் சாப்பிட வைத்தீர்கள் என்று கேட்டார். நான் உற்சாகமாகத் துண்டை எடுத்து அங்கம்மாளின் கைமேல் போட்டுச் செய்தே காட்டினேன். முடியும்வரை பொறுமையாகப் பார்த்தார்.

"இது ஏலக்காய்க்குச் சரி ஐயா. தரமாட்டேன்னு இழுக்க இழுக்க விலை ஏறும், இல்லையா?"

"ஆமா தாயி."

"உங்க பிள்ளையும் அதைத்தான் கத்துக்கிட்டா. இங்க சோறு மருந்து. மருந்துக்குப் பேரம் கிடையாது. அவ குணமாகிற வரைக்கும் அவ படுத்திருக்கிற அறைக்குள்ள நீங்களும் கிடையாது."

முறை எளிமையானது. படுக்கையை விட்டு எழக் கூடாது. முதலில் பால், பிறகு கஞ்சி, பிறகு குழைந்த சோறு, கொஞ்சம் கொஞ்சமாக, குறித்த பொழுதுகளில். பக்கத்தில் நர்சு உட்கார்ந்திருப்பாள். கெஞ்ச மாட்டாள், திட்ட மாட்டாள், சோற்றைப் பற்றிப் பேசவும் மாட்டாள். முற்றத்துக் கொட்டகையில் அங்கம்மாள் பொங்கிக் கொடுக்கலாம். வாசற்படி தாண்டக் கூடாது.

ஆரம்பத்தில் ஒருமுறை மூக்குக்குழாய் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் பால் செலுத்தும் ரப்பர்க் குழாய்) போட வேண்டிவந்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை. அதைப் போட்டவர்களை அன்று சபித்தேன். போடாதிருந்தால் இன்று என் வீட்டில் அவள் இருந்திருக்க மாட்டாள் என்று மட்டும் சொல்கிறேன்.

நான் பக்கத்துச் சத்திரத்தில் தங்கினேன். தங்கினேன் என்பது பொய். ஆஸ்பத்திரிச் சுவரைச் சுற்றினேன். காவல்காரனிடம் கேட்டேன், தண்ணீர் இறைப்பவளிடம் கேட்டேன், தட்டு கழுவுகிறவளிடம் தட்டில் என்ன மீதி என்று கேட்டேன். "ஒங்களுக்கு வேற சோலியே இல்லையா?" என்று அவள் கேட்டாள். இல்லை என்று உண்மையைச் சொன்னேன்.

பிறகு சின்னத்தாயின் கால் வீங்கியது. கால் வீங்கினால் அவ்வளவுதான் என்று கொட்டகையில் பொங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய மனுஷி, அடுப்பை ஊதிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். நான் அழுதுகொண்டே டாக்டரம்மாவிடம் ஓடினேன். நீர்க்கோவை (வெகுநாள் பட்டினி கிடந்த உடம்பு சோற்றை மறுபடி ஏற்கும்போது சதையில் நீர் தங்குவது) என்றார். இதற்காகத்தான் சோற்றை அவசரப்படாமல் கூட்டுகிறோம், அடிக்கடி பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார். "நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றும் சொன்னார். நான் சாப்பிடவில்லை. என் வீட்டில் ஒரு நோயாளி போதாது பாருங்கள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் தாழ்வாரத்துக்குள் நுழைந்துவிட்டேன். அறைக் கதவு திறந்திருந்தது. சின்னத்தாய் நர்சிடம் விலை பேசிக்கொண்டிருந்தாள், அப்படியே என் குரலில். "இதுல பாதி இப்ப, மீதி பொறவு. ஒங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்." நர்சு சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சின்னத்தாய் என்னைப் பார்த்துவிட்டாள். கையை நீட்டினாள். ஐந்து விரலும் விரிந்திருந்தன.

"அப்பா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வேளைக்கு அஞ்சு. சத்தியமா."

மாதக்கணக்கில் நான் கெஞ்சிக் கேட்ட விலை. அப்படி ஒரு விலை வந்தால் எந்தத் தரகனும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவான். என் கை துண்டுக்குப் போனது. பின்னால் டாக்டரம்மா நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"உங்க பிள்ளை ஐயா. கூட்டிட்டுப் போகணும்னா நான் தடுக்க முடியாது. நெஞ்சுத் துடிப்பு இன்னும் சரியாகலை. வழியில ஏதாவது ஆனா வண்டிக்காரன்தான் கூட இருப்பான்."

சின்னத்தாய் நீட்டிய கையை மடக்கவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் அவளும் அந்த ஐந்தை நம்பினாள். ஆனால் ஐந்து நான்காகும், மூன்றாகும். அந்தத் தொழிலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

"டாக்டரம்மா சொல்றவரைக்கும் நீ இங்கதான் ஆத்தா," என்றேன்.

"நீங்க எனக்கு அப்பனே இல்ல."

சரி என்று திரும்பினேன். கண்ணீர் மறைத்ததில் வாசல் தெரியவில்லை. எதிரே இருந்த கதவைத் திறந்துகொண்டு கம்பீரமாக நுழைந்தேன். அது பிரசவ அறை. நான்கு பெண்கள் ஒரே குரலில் என்னை வைதார்கள். ஒருத்தி, வலியின் நடுவிலும், "யாருடா இந்தக் கிறுக்கன்?" என்று கேட்டாள். என் வாழ்க்கையின் ஒரே வீரச்செயலுக்குக் கிடைத்த பட்டம் அதுதான். வெளியே வந்து பார்த்தேன். நர்சு அதே சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னத்தாய் அழுதுகொண்டே கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் நேராகப் போயிற்று என்று நினைக்காதீர்கள். இரண்டு அடி முன்னேறினால் ஓர் அடி சறுக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே ஒழுங்கு வீட்டிலும் தொடர வேண்டும் என்றார் டாக்டரம்மா. அவள் சாப்பிடும்போது நான் வேறு பக்கம் திரும்பி உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்றார். இரண்டில் எது கடினம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கருப்பையா பார்க்க வந்தான். "ஆத்தாடி, நல்லாத் தேறி உருண்டு திரண்டுல்ல வந்திருக்கா" என்று மனம் குளிர்ந்து சொன்னான். அன்று இரவு அவள் தட்டைத் தொடவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு கருப்பையா வருவான். நல்ல எண்ணத்தோடுதான் வருவான். வாசலிலேயே நிறுத்துங்கள். உடம்பைப் பற்றி எதுவும் சொல்லாதே, மழையைப் பற்றிப் பேசு என்று சொல்லி உள்ளே விடுங்கள்.

ஏன் அப்படி ஆனது என்று சின்னத்தாயிடம் ஒருமுறை கேட்டேன். "தெரியலப்பா. சோத்தப் பாத்தா யாரோ அதட்டுற மாதிரி இருக்கும்," என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

நோய் அவளைவிட என்னிடம் அதிக நாள் தங்கியது. எனக்குக் காலை, மதியம், மாலை என்று பொழுதுகள் இல்லை. அவள் சாப்பிடும் நேரம், அடுத்து அவள் சாப்பிடும் நேரம், இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம், அவ்வளவுதான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது அவள் மெல்லும் சத்தத்துக்கு என் தாடையும் கூடவே மெல்லும். அவள் விழுங்கத் தாமதித்தால் நானும் எச்சிலை விழுங்காமல் காத்திருப்பேன். என் உடம்பு என்னிடம் இல்லை, அவள் தட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது.

போன தை மாதம், கேரளத்துப் பக்கமிருந்து வந்த ஒரு வியாபாரியோடு எங்கள் முன்வாசலில் வாக்குவாதம். காய் பச்சை மங்கிவிட்டது என்றான். உன் கண் மங்கிவிட்டது என்றேன். அவன் மலையாளத்தில் ஆரம்பித்தான், நான் தமிழில் முடித்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. கொல்லையில் தட்டு கழுவும் சத்தம் கேட்டது. சின்னத்தாய் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா சாப்பிடக் கூப்பிடுது. நாங்க சாப்பிட்டாச்சு."

வெயில் வாசலைத் தாண்டி இறங்கியிருந்தது. அவள் சாப்பிட்ட வேளையை நான் கவனிக்கவே இல்லை.