சங்கரேஸ்வரியின் சாய்பல்

நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை ஓடுகிற மோட்டார்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் சங்கரேஸ்வரி. மோட்டார், சிவகிரி ரைஸ் மில்லுடையது. கொண்டுவந்தவர் ஏதோ சொல்ல வாயைத் திறக்க, இவருடைய இடது கை உயர்கிறது. கல்யாண வீட்டில் மிக்ஸி ஓடினாலும் இப்படித்தான் காதைக் கொடுப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நமக்குத்தான் மானம் போகும். "உள்ள ஒண்ணு முனங்குது அண்ணாச்சி. இன்னைக்கே கழத்தணும்," என்கிறார் மில்காரரிடம்.

குற்றாலம் ரோட்டில், மேலகரம் தாண்டி அவர் பட்டறை. பல்சக்கரம் வெட்டுவது தொழில். சாரல் விழுந்தால் ஊரே அருவிக்கு ஓடும். இவர் எண்ணெய்த் துணியும் கையுமாக இரும்பைத் துடைத்தபடி வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பார். வெட்டிய ஒவ்வொரு சக்கரத்திலும், தண்டு நுழைகிற நடுக்குடத்தில் மின்பேனாவால் 'ச' என்று பொறித்துவிடுவார். "ஒடைஞ்சு திரும்பி வந்தா, எம் பிள்ளைன்னு நாந்தான தூக்கிக்கிடணும்?"

கொஞ்ச நாளாக இந்த மனுஷிக்குத் தூக்கமில்லை. காரணம் ஒரு விமானம்.

செங்கோட்டை மீனா, பெங்களூரில் விமானம் ஓட்டுகிறவர். நூறு வயதான ஒரு சின்ன விமானத்தை நண்பர்களோடு சீர்செய்து, தானே ஓட்டப்போகிறார். அதன் என்ஜினுக்குள் ஒரு ஜோடிச் சக்கரம் நேர்ப்பல்லாக இருந்தது. செய்த கம்பெனியே பிற்பாடு அதைச் சாய்பல்லாக மாற்றிவிட்டதாம். மாற்றிய ஜோடி வேண்டும் என்று வந்து நின்றார் மீனா. "ஏன் மாத்துனாங்க?" என்று நம்மவர் கேட்டிருக்க வேண்டாம். அந்தக் காலத்தில் நேர்ப்பல் ஒடிந்து சில விமானங்களில் என்ஜின் நடுவானில் நின்றுபோனதாம். அன்றோடு நிம்மதி போயிற்று. "மில்லு சக்கரம் ஒடைஞ்சா அரிசிதான் நிக்கும். இந்தப் பிள்ளை எங்கன போயி நிக்கும் அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்டார்.

பயந்து பயந்து வெட்டியும் தப்பு வந்தது. சாய்ந்த பல் சுழலும்போது தண்டை ஒரு பக்கமாகத் தள்ளும். இவர் வேலைபார்த்த மில் எந்திரங்களில் அந்தத் தள்ளலைத் தாங்குகிற கெட்டிச் சுவர் வலப்பக்கம் இருக்கும். பழகிய கை, தள்ளல் அங்கே போகிற மாதிரியே வெட்டிவிட்டது. விமான என்ஜினில் வலப்பக்கம் இருந்ததோ மெல்லிய அலுமினிய மூடி. முதல் ஓட்டத்தில் வடித்த எண்ணெயில் அலுமினியப் பொடி மினுமினுத்தது. தண்டு தள்ளிப்போய் மூடியை உரசியிருந்தது.

ஜோடியையே தூக்கிப் போட்டுவிட்டு, சாய்வை எதிர்ப்பக்கம் திருப்பிப் புதிதாக வெட்டினார். 'ச' மட்டும் போடவில்லை. கேட்டால், "மொதல்ல ஓடட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேற்று பட்டறை வாசலில் இரண்டாம் ஓட்டம். என்ஜினை இரும்புச் சட்டத்தில் இறுக்கியிருந்தார்கள். காற்றாடி சுழன்ற வேகத்தில் எதிர்க்கடை பேனர் கிழிந்தது. ரோட்டில் போனவர்கள் காதைப் பொத்திக்கொள்ள, இவர் பின்பக்கமாக ஸ்குரூடிரைவரும் காதுமாக நின்றார். நிறுத்தியதும் எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்து வெளிச்சத்தில் பிடித்தார். பொடி இல்லை. மூடியைக் கழற்றி விரலால் தடவினார். உரசலும் இல்லை.

"எடுத்துட்டுப் போகட்டுமாக்கா? ஞாயித்துக்கெழமை பறக்கணும்," என்றார் மீனா.

"பறக்காட்டா என்னட்டி? தரையிலயே நாலு சுத்து ஓட்டிப் பாரேன்."

மீனா சிரிக்கவில்லை. "ஒங்களுக்குப் பயமா இருந்தா சொல்லுங்க. நான் ஏறல."

  சங்கரேஸ்வரி திறந்திருந்த பக்கத்திலிருந்து சக்கரத்தை உருவி எடுத்து, குடத்தைத் துணியால் துடைத்து, மின்பேனாவை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு 'ச' என்று பொறித்தார்.