தேரைக்கு ஒரு ஸ்வெட்டர்

“சித்தெ மூஞ்சிய இந்தப் பக்கம் திருப்புங்க. ம்... அவ்வளவுதானுங்க, வலிக்காது” என்று கோவிந்தராஜ் கேட்டுக்கொள்வது ஒரு முள்ளம்பன்றியிடம். அதன் உயரம் கட்டைவிரலில் பாதி. முதுகில் முள், இடுப்பில் வாள். இருமல் மருந்துப் புட்டியின் மூடியில் பசை வைத்து அதை நிறுத்தியிருக்கிறார். அவர் நெற்றிப்பட்டையில் பூதக்கண்ணாடி. அதற்குப் பின்னால் இரண்டு கண்களும் பஜ்ஜி அளவுக்குத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் ஒரே ஒரு முள்ளின் நுனிக்கு மஞ்சள் சாயம் வைப்பார். பிறகு மூச்சை விட்டு, “ரொம்ப சந்தோசமுங்க” என்பார். அதுவும் பன்றியிடம்தான்.

வாரநாட்களில் பிம்ப்ரி தொழிற்சாலை ஒன்றில் கியர் சோதிக்கிறவர். ஐம்பது தாண்டியவர். கோயமுத்தூரை விட்டுப் புனே வந்து எத்தனையோ வருடமாகியும் அவருடைய ‘ங்க’ தேயவில்லை. மராத்தியிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக்கு வருகிறவரை “பஸா, பஸாங்க” என்று உட்கார வைப்பார். நாங்கள் இருக்கும் ஔந்தில் மழை நேரத்தில் ரிக்‌ஷா நிற்பது அபூர்வம். “பையா, ருக்கோங்க” என்று இவர் கை காட்டினால் மட்டும், இதென்ன பாஷை என்று பார்க்கவாவது நிறுத்துகிறார்கள்.

உருவங்களைக் கொண்டுவருகிறவர்கள் எங்கள் கட்டடத்து ஐ.டி. பையன்கள், அனிருத்தும் ஸ்ரீவத்சனும். ஞாயிறுதோறும் சாப்பாட்டு மேசையில் பகடை உருட்டி, மாயக்காடுகளில் போர் நடத்துகிறவர்கள். அவர்களுடைய படைவீரர்கள் வாளும் வில்லும் ஏந்திய குட்டி விலங்குகள். சாயமில்லாத சாம்பல் பொம்மைகளாக வாங்கி இவரிடம் தருவார்கள்.

“அங்கிள், இது ரேஞ்சர். லெவல் ஃபைவ்” என்பான் அனிருத்.

“அது உத்தியோகமுங்க கண்ணு. குடும்பம் எப்படி?”

“அங்கிள், இது முயல்.”

“ஏனுங்க, முயலுக்கு இல்லாத குடும்பமா?”

கதை கிடைக்காத உருவத்தை அவர் தொடமாட்டார். கிடைத்துவிட்டால் நிறுத்தமாட்டார். அந்த முயலுக்கு நெற்றியில் ஒரு கொம்பு. “தங்கச்சி கல்யாணத்துல பந்தில உக்காந்திருக்குறாரு. எல்லாருத்துக்கும் ஜிலேபி வெச்சவங்க, இவரு எலைய மட்டும் தாண்டிப் போயிட்டாங்க. அந்தக் கோவத்துல மொளைச்சதுங்க கொம்பு.” கவசம் போட்ட நீர்நாய் முளா ஆற்றில் பரிசல் ஓட்டுகிறவர். கவசம் எதிரிக்காக இல்லை, “ஆத்து நாத்தத்துக்குங்க”. இதெல்லாம் விளையாட்டு விதிகளில் கிடையாது. ஆனாலும் இப்போது போர் தொடங்குமுன் முயலுக்கு முன்னால் ஜிலேபித் துணுக்கு ஒன்று வைக்கிறார்கள். வைக்காத ஞாயிறுகளில் பகடை சரியாக விழுவதில்லையாம்.

பிரஷ் நுனியைக் கூராக்க நாக்கில் வைத்து இழுப்பார். இரவு சோறு போடுமுன் அவர் மனைவி வனஜா, “நாக்க நீட்டுங்க” என்பார்.

“பச்சை. ஓணானுங்களா?”

“பச்சோந்தி.”

“அப்ப நாளைக்கு வேற கலர்ல வருவீங்க” என்று ரசத்தை ஊற்றுவார்.

விலங்குகளின் உடைமைகள் எங்களிடமிருந்து எடுத்தவை. லிஃப்ட் கண்ணாடியைப் பார்த்தாலே ஸ்ரீவத்சன் பின்பையிலிருந்து சீப்பை எடுப்பான். அதே சீப்பு ஒரு கீரியின் பையில் இருக்கிறது. கை ஆட்டிப் பேசுகிற நரி ஒன்று நான்தான் என்கிறார்கள். இல்லை என்று கை ஆட்டிச் சொல்லியிருக்கிறேன்.

இத்தனையும் நடப்பது மொட்டைமாடியின் தண்ணீர்த்தொட்டி அறையில். வீட்டுக்குள் முடியாது, அடிப்பூச்சு ஸ்ப்ரே வாசனை பட்டால் வனஜாவுக்கு இழுப்பு வந்துவிடும். அந்த அறை போனால் விலங்குகளும் போக வேண்டியதுதான். போன மார்ச்சில் போகவும் பார்த்தது.

மாடியில் இவர் ஓர் ஓநாய்க்குக் கருப்பு ஸ்ப்ரே அடிக்கும்போது காற்று திரும்பிவிட்டது. அந்தப் பக்கம் எங்கள் கட்டடச் சங்கச் செயலாளர் முகுந்த் ஆப்டேயின் மனைவி குர்டை காயவைத்திருந்தார். கோதுமைப் பாலைக் காய்ச்சிப் பிழிந்து வெயிலில் உலர்த்தும் இந்த ஊர் வடகம் அது. வருடத்துக்கு ஒரு முறை, ஊறவைப்பதிலிருந்து கிண்டுவது வரை தோள் கழன்றுபோகும் வேலை. ஒரே நிமிடத்தில் பாய் முழுக்கச் சிறுத்தைப் புள்ளி.

அடுத்த ஞாயிறு காலை ஆப்டே தொட்டி அறைக்கே வந்தார். மார்ச் வெயிலையும் நம்பாமல் பித்தான் போட்ட முழுக்கை ஸ்வெட்டர். இடுப்பில் கட்டடத்துச் சாவிக்கொத்து. அவர் நடந்தால் மாடு வருகிற சத்தம். வனஜா கொடுத்தனுப்பிய காபியோடு நான் ஓரமாக நின்றிருந்தேன்.

“கோவிந்தராஜ்ஜி, கல் ஸே ரூம் பந்த்.” நாளை முதல் அறைக்குப் பூட்டு. கையெழுத்துப் போட்ட நோட்டீஸை மேசையில் வைத்தார். வைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தேரை நின்றுகொண்டிருந்தது.

கட்டடத்தில் அந்தத் தேரையை அறியாதவர் ஆப்டே ஒருவர்தான். பித்தான் போட்ட கருநீல ஸ்வெட்டர், இடுப்பில் மணல் அளவில் சாவிகள், உம்மென்ற உதடு.

“ஹே கோண்?” யார் இது என்றார், மராத்தியில்.

பிரஷ் விலையை வனஜாவிடம் பாதியாகச் சொல்பவர் கோவிந்தராஜ். காய்ச்சல் என்று தொழிற்சாலைக்குச் சொல்லிவிட்டு ஓநாய்க்கு வால் வரைந்தவர். ஆனால் ஒரு விலங்கின் கதையில் மட்டும் அவருக்குப் பொய் வராது. எழுந்து நின்று, தன் இந்தியில் சொன்னார். தமிழில் நான் தருகிறேன்; ‘ங்க’ அவருடையதே.

“இவரு குளத்துக்குக் காவலுங்க. கத்தக் கூடாது, குதிக்கக் கூடாது, மழை வந்தாலும் வரிசையா நின்னுதான் நனையோணும்னு சட்டம் போடுவாரு. அத்தனை பேரும் இவர வையறாங்க.”

ஆப்டே தேரைப் பக்கம் குனிந்தார்.

“ஆனா பாருங்க, கரை ஒடைஞ்சப்ப அத்தனை பேரும் தூங்கிட்டாங்க. இவரு ஒருத்தருதான் முதுகக் குடுத்து அடைச்சுட்டு நின்னாரு. விடிஞ்சு எந்திரிச்சவங்க, வழிய மறிச்சுட்டு நிக்கறான்னு அதுக்கும் வையறாங்க. இவரு வாயத் தொறந்து சொல்லவே இல்லீங்க.”

அதற்கு முந்தின மழைக்காலத்தில் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் புகாமல் மணல்மூட்டை அடுக்கியவர் யார் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூட்டை தடுக்கியது என்று மறுநாள் நானும் முணுமுணுத்திருந்தேன்.

ஆப்டே தேரையைக் கையில் எடுத்தார். விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே போட்டுவிடுவார் என்றே நினைத்தேன்.

“ரங் கலத் ஹை” என்றார். நிறம் தப்பு.

“எதுங்க சாஹேப்?”

“நீலா நஹீ. க்ரே.” தேரையை வைத்துவிட்டு, தன் இடது கையை விளக்கின் கீழ் நீட்டினார். உண்மைதான். தூரத்தில் கருநீலமாகத் தெரிகிற ஸ்வெட்டர் கிட்டத்தில் சாம்பல்.

கோவிந்தராஜ் பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டார். “மாஃப் கரோங்க” என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அந்தக் கையைத் தொட்டு, மேசைமேல் அசையாமல் கிடத்தினார். கருப்பில் வெள்ளையைக் கலந்தார். கலந்ததைத் தொட்டுப் பார்க்கக் காகிதம் தேடினார். மேசையில் இருந்த ஒரே காகிதம் நோட்டீஸ். அதை எடுத்து, மரியாதையாகப் பின்பக்கம் திருப்பி, ஒரு சாம்பல் பொட்டு வைத்து ஸ்வெட்டருக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“தோடா அவுர் காலா” என்றார் ஆப்டே.

கோவிந்தராஜ் இன்னும் கொஞ்சம் கருப்பு சேர்த்து, முதல் பொட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவதை வைத்தார்.