அண்ணனுக்காக எடுத்து வைத்த துப்பாக்கி

என் அக்காவின் கணவருக்குத் தையல் மெஷின் ரிப்பேர் தொழில். 'எண்ணெய்' என்றால்தான் தெருவில் அவரைத் தெரியும். மற்றவர்கள் பேனா குத்துகிற சட்டைப் பையில் மாமா எண்ணெய்க் குப்பி வைத்திருப்பார். எங்காவது கதவு கிறீச்சிட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவார்.

அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொதுவாக, அவர்கள் அப்பா ஒரு துப்பாக்கியை விட்டுப் போயிருந்தார். குழலின் வாய் வழியாகவே வெடிமருந்தையும் குண்டையும் போட்டுக் கம்பியால் இடிக்கிற பழைய வகை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் குறி சுடும் மைதானத்துக்குப் போவார்கள். சுட்ட அன்றே குழலைக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரிமருந்தின் கசடு இரும்பை அரித்துவிடும். லாரி ஓட்டுகிற அண்ணனோ எதையும் நாளைக்குத் தள்ளுகிற ஆள். ஒருநாள் மைதானத்தில் குழலுக்குள் விட்ட துணி செம்பழுப்பாக வெளியே வந்தது. மாமா அதைப் பத்துப் பேர் பார்க்கத் தூக்கிக் காட்டினார்.

"அப்பா பொருளை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல. உனக்கெல்லாம் எதுக்குண்ணே இது?"

"சரிடா, நீயே வெச்சுக்கோ" என்று அண்ணன் அதை மாமா கையில் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மாதமே மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோய்விட்டார்.

தப்பு தன்மேல்தான் என்று மாமாவுக்கு அன்றே தெரியும். ஒரு போன் போட்டால் முடிந்திருக்கும். மனுஷனுக்கு வாய் வரவில்லை. அண்ணன் வரும்போது துப்பாக்கியைப் புத்தம்புதுசாகக் கையில் கொடுத்துவிட்டால் போதும், மன்னிப்பெல்லாம் அதிலேயே அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டார்.

வெந்நீரும் சோப்பும் விட்டுக் குழலைக் கழுவினார். துணியால் துடைத்த கையோடு எண்ணெயும் பூசினார். "ஈரம் நல்லாக் காயட்டுமே, நாளைக்குப் பூசுங்களேன்" என்றாள் அக்கா. "எண்ணெய் விஷயத்துல எனக்கே பாடமா?" என்றார் மாமா. தூசி போகக்கூடாதென்று குழலின் வாயில் எண்ணெய்த் துணியைத் திணித்து இறுக்கி அடைத்தார். கம்பளியில் சுற்றிப் பீரோவில் வைத்தார். திறந்தால் காற்றுப் படும் என்று ஆறு வருஷம் தொடவே இல்லை.

ஒரு சனிக்கிழமை அண்ணன் போன் செய்தார், மறுநாள் வருகிறேன் என்று. மாமா துள்ளிக் குதித்துப் போய்க் கம்பளியைப் பிரித்தார். அடைப்பை இழுத்ததும் சிவப்புத் தூள் மடியில் கொட்டியது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே போக வழியில்லாமல் ஆறு வருஷமும் குழலைத் தின்றிருந்தது. விடியும்வரை தேய்த்தார், ஒன்றும் நடக்கவில்லை.

"நடந்ததைச் சொல்லுங்க. கூடப்பொறந்தவர்தானே" என்றாள் அக்கா.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு?"

அண்ணன் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கிளம்புகிற நேரத்தில்தான் கேட்டார்.

"அந்தத் துப்பாக்கிய ஒரு தடவை பாத்துட்டுப் போறேனேடா."

"பீரோ சாவி எங்கேயோ போச்சுண்ணே. அடுத்த தடவை பாக்கலாம்."

சாவி பீரோவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நானாவது எழுந்து திறந்திருக்கலாம். குனிந்து டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன், அந்த ஆத்திரம் எனக்கு என்மேல் இன்றும் தீரவில்லை.

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. நான்கு மாதத்தில் அண்ணன் போய்விட்டார். துக்கத்துக்குப் போனபோது அண்ணி மாமாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு உங்க வீட்டிலேருந்து வந்து படுத்தவர் என்ன சொன்னார் தெரியுமா தம்பி? 'சாவி கண்ணெதிர்ல தொங்குது, காணோம்ங்கறான். அவனுக்கு இன்னும் என்மேல கோபம் போகல'ன்னார்."

"கோபமில்ல அண்ணி. துரு" என்றார் மாமா.

அண்ணிக்குப் புரியவில்லை. மைதானத்தில் தூக்கிக் காட்டிய துணியிலிருந்து மடியில் கொட்டிய தூள்வரை, அண்ணனிடம் சொல்லாத அத்தனையையும் மாமா அவரிடம் சொன்னார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா, விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரே தம்பி" என்றார் அண்ணி.